சிகிச்சைக்குப் பின் பி.எஸ்.ஏ. உயர்ந்தால்

(விழா நாள் மருத்துவ அமர்வில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



விழா மேடையில் இப்பொருளைப் பேசலாமா என்னும் தயக்கம் சிலருக்கு எழக்கூடும். புராஸ்டேட் சுரப்பி, சிறுநீர், விந்து என்பன பெண்களும் பிள்ளைகளும் அமர்ந்திருக்கும் அவையில் வழக்கமாக உச்சரிக்கப்படாத சொற்கள். அந்தக் கூச்சத்தினால்தான் பல இல்லங்களில் இந்நோயைப் பற்றிய செய்தி நோயாளியின் சட்டைப் பையோடு நின்றுவிடுகிறது. ஆகவே கூச்சத்தைச் சற்றே ஒதுக்கிவைத்து, ஒரு தாளைப் பற்றி மட்டும் இங்கே பேசப்படுகிறது. இரத்தப் பரிசோதனைக் கூடத்திலிருந்து வீட்டுக்கு வரும் தாள் அது.

இரண்டு வீடுகளைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முதல் வீட்டில் 67 வயதுப் பெரியவர். மூன்று ஆண்டுகளுக்கு முன் புற்றுநோயின் பொருட்டு அவருடைய புராஸ்டேட் சுரப்பி அறுவை சிகிச்சையில் முழுவதும் அகற்றப்பட்டது. இப்போது வந்துள்ள தாளில் பி.எஸ்.ஏ. 0.34 என்று இருக்கிறது. அதற்கு நேரே, இயல்பான அளவு 0 முதல் 4 வரை என அச்சிடப்பட்டிருக்கிறது. "நார்மல்தான் அப்பா" என்று மகன் தாளை மடித்து அலமாரியில் வைத்துவிடுகிறார். இரண்டாம் வீட்டுப் பெரியவருக்கு அறுவை இல்லை. கதிர்வீச்சுச் சிகிச்சை முடிந்து ஒன்றரை ஆண்டாகிறது. சென்ற முறை 0.6 ஆக இருந்தது இம்முறை 1.3. இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டதே என்று அவ்வீட்டில் இரவெல்லாம் விளக்கு எரிகிறது.

முதல் வீட்டின் நிம்மதி பிழையானது. இரண்டாம் வீட்டின் அச்சம் பெரும்பாலும் தேவையற்றது. ஒரே பரிசோதனை, ஒரே அலகு. ஆயினும் சிறிய எண் எச்சரிக்கையாகவும் பெரிய எண் பொறுத்திருக்கத் தக்கதாகவும் அமைகின்றன. இது எவ்வாறு என்பதை விளங்கிக்கொள்வதே இவ்வுரையின் நோக்கம்.

பி.எஸ்.ஏ. என்பது புராஸ்டேட் சுரப்பியின் உயிரணுக்கள் உண்டாக்கும் ஒரு புரதம். விந்து உறைந்து நில்லாமல் நீர்மையாக இருக்கச் செய்வது அதன் இயற்கைத் தொழில். அதில் மிகச் சிறு பகுதி இரத்தத்தில் கசிகிறது. அதையே ஒரு மில்லிலிட்டருக்கு இத்தனை நானோகிராம் என்று அளக்கின்றனர். நல்ல அணுவும் இதைச் சுரக்கும். புற்று அணுவும் சுரக்கும். எந்த அணு சுரந்தது என்பதைப் புரதம் சொல்லாது. 1979ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பஃபலோ நகரிலுள்ள ராஸ்வெல் பார்க் நிறுவன ஆய்வாளர்கள் இப்புரதத்தைப் புராஸ்டேட் திசுவிலிருந்து பிரித்தெடுத்தனர். இங்கு ஒரு செய்தி கருதத்தக்கது. அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிர்வாகம் 1986இல் இப்பரிசோதனைக்கு அனுமதி வழங்கியபோது, புதிதாக நோயைக் கண்டுபிடிப்பதற்கு வழங்கவில்லை. ஏற்கெனவே நோயுற்றவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதற்கே வழங்கியது. கண்டறியும் சோதனையாகப் பயன்படுத்த அனுமதி 1994இல்தான் வந்தது. இன்று பொதுப் பேச்சில் இருப்பது இரண்டாவது பயன் மட்டுமே. தாளில் அச்சாகும் 0 முதல் 4 என்னும் எல்லையும் அந்த இரண்டாவது பயனுக்கு உரியது; சுரப்பி உடலில் இருக்கும், சிகிச்சை எதுவும் பெறாத ஆடவருக்கு உரியது. சிகிச்சை பெற்றவர் அந்த எல்லையைக் கையால் மறைத்துவிட்டு எண்ணைப் படிப்பது நன்று.

அறுவையில் சுரப்பி முழுவதும் நீங்கிவிட்டால், அப்புரதத்தை உண்டாக்குவதற்கு உடலில் வேறு இடமே இல்லை எனலாம். இரத்தத்தில் எஞ்சியிருப்பது இரண்டு, மூன்று நாட்களுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே வரும். ஆறு முதல் எட்டு வாரங்கள் கழித்துப் பார்க்கும்போது கருவியால் அளக்க இயலாத நிலையை அது எட்டியிருக்க வேண்டும். அப்போதும் எட்டவில்லையெனில், அறுவைக் கத்திக்கு அப்பால் ஏதோ எஞ்சியுள்ளது என்று பொருள். அதை மீள்வருகை என்பதைவிட நீங்காமை என்பது பொருந்தும். எட்டிய பின்னர் மீண்டும் தோன்றி 0.2 அளவைத் தொட்டு, இன்னொரு முறை சோதித்தும் அவ்வளவோ அதற்கு மேலோ இருக்குமாயின், மருத்துவர்கள் அதை உயிர்வேதியியல் மீள்வருகை என்று குறிப்பிடுகின்றனர். உடலில் கட்டி ஏதும் தென்படவில்லை, வலி இல்லை, எலும்பு ஸ்கேனும் தூய்மையாக இருக்கிறது. இரத்தத்தின் எண் மட்டும் பேசுகிறது என்பது அதன் பொருள். முதல் வீட்டுப் பெரியவரின் 0.34 அவ்வகையது. ஒரே ஒரு முறை 0.05, 0.06 என்று நுண்ணிய கருவிகள் காட்டும் அளவுகளைக் கண்டு கலங்க வேண்டுவதில்லை. அறுவையின்போது ஓரத்தில் விடுபட்ட நல்ல திசுவின் சிறு துணுக்கும் அத்தகைய எண்ணை ஆண்டுக்கணக்காக அசையாமல் தந்துகொண்டிருக்கலாம். அசைகிறதா என்பதே அங்குக் கேள்வி.

கதிர்வீச்சுக்குப் பின் நிலைமை முற்றிலும் வேறு. சுரப்பி இருந்த இடத்திலேயே இருக்கிறது. கதிர் பட்ட அணுக்கள் உடனே மடிவதில்லை. பிரியும் தறுவாயில்தான் பல மடிகின்றன. எனவே எண் மெல்ல மெல்ல இறங்கி, ஒன்றரை ஆண்டிலோ இரண்டு மூன்று ஆண்டுகளிலோ தன் அடிமட்டத்தைத் தொடும். எஞ்சியிருக்கும் நல்ல அணுக்கள் சிறிது சுரந்துகொண்டிருப்பதால் அது சுழியைத் தொட வேண்டும் என்ற கட்டாயமில்லை. இவர்களுக்கான அளவுகோலை வகுப்பதிலும் கருத்து மாறியிருக்கிறது. தொடர்ந்து மூன்று முறை உயர்ந்தால் நோய் மீண்டதாகக் கொள்ளலாம் என்று 1996இல் வகுத்தனர். பின்னர் அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் கூடிய வல்லுநர்கள் அதைத் திருத்தினர். அடிமட்ட அளவோடு 2 சேர்த்து வரும் எண்ணை எட்டினால்தான் மீள்வருகை என்னும் அவர்களது வரையறை 2006இல் வெளியாயிற்று. இன்றளவும் அந்நகரின் பெயராலேயே அது வழங்குகிறது. இரண்டாம் வீட்டுப் பெரியவரின் அடிமட்டம் 0.6 எனில் அவருடைய கோடு 2.6. இப்போதைய 1.3 அதில் பாதி.

அந்தப் பாதி ஏன் ஏறியது? கதிர்வீச்சு பெற்றவர்களில் கணிசமானோருக்கு, முதல் மூன்று ஆண்டுகளுக்குள் எண் ஒருமுறை மேலெழுந்து, மருந்தெதுவும் இன்றித் தானே இறங்கிவிடுவது உண்டு. பந்து தரையில் பட்டு ஒருமுறை எழும்புவது போன்றது என்பதால் ஆங்கில மருத்துவர்கள் அப்பெயரையே இதற்கு வைத்துள்ளனர். கதிர்வீசும் விதைகளைச் சுரப்பிக்குள்ளேயே பொதிந்து வைக்கும் சிகிச்சையில் இது மிகுதி; வயதில் இளையவர்களிடமும் மிகுதி. இறங்கிவிட்ட பின்னர்தான் அது வெறும் எழும்பலே என்று உறுதியாகச் சொல்ல இயலும் என்பதுதான் இதிலுள்ள துன்பம். அதுவரை சில மாதங்கள் பொறுமையோடும் அடுத்தடுத்த சோதனைகளோடும் கழிய வேண்டும். கதிர்வீச்சோடு சேர்த்து ஆறு மாதமோ இரண்டு மூன்று ஆண்டுகளோ ஹார்மோன் ஊசி போட்டுக்கொண்டவருக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஊசி நின்றதும் டெஸ்டோஸ்டிரோன் மீளும். அதனோடு நல்ல அணுக்களும் விழித்துக்கொண்டு சிறிது பி.எஸ்.ஏ. சுரக்கும். ஆகையால் இத்தகையோருக்கு இரண்டு எண்களையும் ஒரே நாளில் பார்ப்பது முறை.

எண்ணைக் காட்டிலும் முதன்மையானது அது ஏறும் வேகம். இதை அளப்பதற்கு இரட்டிப்புக் காலம் என்னும் கணக்கு பயன்படுகிறது. வட்டிக் கணக்கு அறிந்தவர்களுக்கு இதை நெடிது விளக்க வேண்டுவதில்லை. அறுவை செய்துகொண்ட இருவருக்கும் இன்று 0.2 என்று கொள்வோம். ஒருவருக்கு நான்கு மாதத்துக்கு ஒருமுறை இரட்டிக்கிறது: 0.4, 0.8, 1.6. ஓராண்டில் அவர் 1.6ஐ அடைந்துவிடுகிறார். மற்றவருக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இரட்டிக்கிறது. அதே 1.6ஐ அடைய அவருக்கு ஆறு ஆண்டுகள் ஆகும். இன்றைய தாளில் இருவரும் ஒருவரே போலத் தோன்றுவர். ஒரு தாள் போதாது, வரிசையாகப் பல தாள்கள் வேண்டும் என்று மருத்துவர் வற்புறுத்துவது இதனால்தான். பழைய தாள்களைப் போகிக்கு எரித்துவிடும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. இத்தாள்களை மட்டுமேனும் அதிலிருந்து விலக்க வேண்டும்.

வேகம் எவ்வளவு பொருட்படுத்தத் தக்கது என்பதை அமெரிக்காவில் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை 1999இல் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று. 1982 முதல் 1997 வரை அங்கு ஒரே அறுவை நிபுணரிடம் சிகிச்சை பெற்ற 1,997 பேரைப் பின்தொடர்ந்தனர். அவர்களுள் 315 பேருக்குப் பி.எஸ்.ஏ. திரும்ப உயர்ந்தது. அந்நாளைய முறைப்படி, நோய் வேறிடத்தில் கண்ணுக்குப் புலப்படும் வரை ஹார்மோன் சிகிச்சை எதுவும் தராமல் 304 பேர் கண்காணிக்கப்பட்டனர். அவர்களில் 103 பேருக்கே அவ்வாய்வுக் காலத்தில் நோய் பரவியது. எண் உயர்ந்த நாளிலிருந்து பரவல் தென்படுவதற்கு நடுத்தரமாக எட்டு ஆண்டுகள் ஆயின. அதன்பின் இறப்புக்கு மேலும் ஐந்து ஆண்டுகள். அறுவைக்குப் பின் இரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே எண் உயர்ந்தவர்கள், திசுச் சோதனையில் கிளீசன் மதிப்பெண் 8 முதல் 10 வரை பெற்றவர்கள், பத்து மாதத்துக்குள் இரட்டித்தவர்கள் ஆகியோருக்கு இக்காலம் குறுகியது; மற்றையோருக்கு நீண்டது. எண் உயர்ந்தது என்று கேட்டவுடன் நாட்களை எண்ணத் தொடங்கும் குடும்பங்கள் இந்த எட்டு ஆண்டைச் சற்று நினைத்துப் பார்க்கலாம். அது இன்றுள்ள மருந்துகள் வருவதற்கு முந்தைய காலத்துக் கணக்கு என்பதையும் சேர்த்தே நினைக்கலாம்.

தென்னாப்பிரிக்காவின் பேராயர் டெஸ்மண்ட் டூட்டுவுக்கு 1997இல் இந்நோய் கண்டறியப்பட்டது. பின்னர் அது மீண்டும் தலைகாட்டியது, சிகிச்சையும் தொடர்ந்தது. அதற்கிடையே உண்மை, நல்லிணக்க ஆணையத்துக்குத் தலைமை தாங்கினார். உலகெங்கும் பயணம் செய்தார். 2021 டிசம்பர் 26ஆம் நாள் அவர் மறைந்தபோது வயது 90. எல்லாருக்கும் அவ்வாறே அமையும் என்று சொல்வதற்கில்லை. மீண்ட நோயோடும் நெடுங்காலம் வாழ்தல் கூடும் என்பதற்கு உலகறிந்த சான்று என்ற அளவில் இது போதும்.

எண் உண்மையிலேயே ஏறியதா என்று உறுதி செய்துகொள்வது முதற்பணி. வெவ்வேறு பரிசோதனைக் கூடங்கள் வெவ்வேறு நிறுவனக் கருவிகளைக் கையாளுகின்றன. ஒரே நாளில் எடுத்த ஒரே இரத்தத்துக்கு அவை சிறிது வேறுபட்ட எண்களைத் தரக்கூடும். சென்னையில் மகன் வீட்டில் ஒருமுறை, வந்தவாசியில் ஒருமுறை, திண்டிவனத்தில் ஒருமுறை என்று பார்த்துவிட்டு அவற்றை ஒப்பிட்டால் ஏற்றமும் இறக்கமும் பொய்த்தோற்றமாகலாம். கூடம் ஒன்றாகவே இருக்கட்டும். சுரப்பி உடலில் உள்ளவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று, சிறுநீர்க் குழாய் பொருத்துதல், முந்தைய இரு நாட்களில் விந்து வெளியேறுதல், நெடுந்தொலைவு மிதிவண்டி ஓட்டுதல் ஆகியவையும் எண்ணை உயர்த்தும். இன்னொன்று பலரும் அறியாதது. முடிக்கும் நகத்துக்கும் என்று விற்கப்படும் பயோட்டின் மாத்திரை சில கருவிகளின் கணக்கைக் குழப்பிப் பி.எஸ்.ஏ.யைக் குறைத்துக் காட்டிவிடும். உயர்ந்த எண்ணால் விளையும் கலக்கத்தைவிட, பொய்யாகக் குறைந்த எண்ணால் விளையும் நிம்மதி தீங்கு மிக்கது. இச்சோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை என்பதையும் இவ்விடத்தில் சொல்லிவிடலாம். உண்ணாநோன்பு நாளிலும் செய்துகொள்ளலாம், உண்டபின்னும் செய்துகொள்ளலாம்.

உறுதியான பின், நோய் எங்கே இருக்கிறது என்னும் கேள்வி எழுகிறது. அண்மைக் காலம் வரை இதற்கு விடை தருவது அரிதாக இருந்தது. 0.3, 0.5 என்ற அளவில் சாதாரண சி.டி. ஸ்கேனும் எலும்பு ஸ்கேனும் ஏறக்குறைய எப்போதும் ஒன்றுமில்லை என்றே சொல்லும். புராஸ்டேட் புற்றணுக்களின் மேற்பரப்பில் மிகுந்து காணப்படும் பி.எஸ்.எம்.ஏ. என்னும் புரதத்தைத் தேடிச்சென்று ஒட்டிக்கொள்ளும் கதிரியக்கப் பொருளை உடலில் செலுத்தி எடுக்கும் பெட் ஸ்கேன் இந்நிலையை மாற்றியது. 2020 டிசம்பரில் அமெரிக்காவில் கேலியம் வகைக்கு அனுமதி கிடைத்தது; இந்தியப் பெருநகரங்களிலும் இப்போது எடுக்கப்படுகிறது. ஆயினும் இது முக்காலமும் உணரும் கண்ணன்று. எண் 0.5க்குக் கீழே உள்ளவர்களில் பாதிப் பேருக்கு மேல் இதிலும் ஒன்றும் தென்படாது. 2ஐத் தாண்டியோரில் மிகப் பெரும்பாலோருக்குத் தென்படும்.

இந்த இடத்தில்தான் பல குடும்பங்கள் வழுக்குகின்றன. ஸ்கேனில் தென்படும்வரை காத்திருப்போம், தெரிந்தபின் சிகிச்சை செய்யலாம் என்பது கேட்பதற்கு அறிவார்ந்த முடிவாகவே தோன்றுகிறது. அறுவை செய்துகொண்டவர்களைப் பொறுத்தவரை அது வாய்ப்பை நழுவவிடுவதாக முடியலாம். சுரப்பி இருந்த குழியில் மட்டும் அணுக்கள் எஞ்சியிருக்குமாயின், அவ்விடத்துக்குக் கதிர்வீச்சு தந்து நோயை முற்றாக அழிக்கும் இரண்டாம் வாய்ப்பு இன்னும் உண்டு. மீட்புக் கதிர்வீச்சு என்பது அதன் பெயர். எண் 0.5ஐத் தாண்டும் முன்னரே அதைத் தொடங்குவோருக்குப் பலன் மிகுதி; ஏற ஏறப் பலன் குறைகிறது. ஆக, ஸ்கேன் வெறுமையாக வந்தாலும் கதிர்வீச்சு மருத்துவர் சிகிச்சையைப் பரிந்துரைத்தால், ஒன்றுமே தெரியாத இடத்துக்கு எதற்குக் கதிர் என்று வாதாடுவது பொருந்தாது. அவர் தேடுவதே கண்ணுக்குத் தெரியாத அளவில் இருக்கும் நோயைத்தான்.

அவ்வாறாயின் அறுவை முடிந்த கையோடு எல்லாருக்கும் கதிர்வீச்சு தந்துவிடலாமே என்று சிலர் வினவலாம். நெடுங்காலம் மருத்துவ உலகமும் அவ்வாறே வினவியது. பிரிட்டன், டென்மார்க், கனடா, அயர்லாந்து நாடுகளில் 1,396 பேரைக் கொண்டு நடத்திய ராடிகல்ஸ் ஆய்வு 2020இல் விடை தந்தது. அறுவை முடிந்தவுடனே கதிர்வீச்சு பெற்றவர்களில் ஐந்தாண்டு முடிவில் எண் உயராமல் இருந்தோர் நூற்றுக்கு 85. கண்காணித்து, எண் உயரத் தொடங்கியவுடன் மட்டும் கதிர்வீச்சு என்ற முறையைப் பின்பற்றியோரில் 88. வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதன்று. பின்முறையில் பலருக்குக் கதிர்வீச்சே தேவைப்படவில்லை. சிறுநீர்க் கசிவு, சிறுநீரில் இரத்தம், மலக்குடல் எரிச்சல் போன்ற தொல்லைகளும் அவர்களுக்குக் குறைந்தன. ஆனால் இம்முறை வெற்றி பெற்றது கண்காணிப்பு ஒழுங்காக நடந்ததனால். மூன்று மாதச் சோதனையை ஒன்பது மாதத்துக்குத் தள்ளிப்போடும் வீட்டில் இப்புள்ளிவிவரத்துக்குப் பொருளில்லை.

கதிர்வீச்சு முதலில் பெற்றவர்களுக்கு நோய் சுரப்பிக்குள்ளேயே மீண்டிருந்தால் வழிகள் வேறு. திசுச் சோதனை செய்து உறுதிப்படுத்தியபின், தேர்ந்த சிலருக்கு அறுவையோ உறையவைத்து அழிக்கும் முறையோ விதைவைப்புக் கதிர்வீச்சோ உதவலாம். கதிர் பட்ட திசுவில் அறுவை செய்வது கடினம்; பக்க விளைவுகளும் மிகுதி. ஆழ்ந்த அனுபவமுள்ள நடுவங்களில் மட்டுமே செய்யத் தக்கது.

ஹார்மோன் சிகிச்சையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். புராஸ்டேட் புற்றணுக்களுக்கு ஆண் ஹார்மோன் உணவு போன்றது என்பதையும், அதை நிறுத்தினால் அவை சுருங்கும் என்பதையும் சிகாகோவில் சார்லஸ் ஹகின்ஸ் 1941இல் மெய்ப்பித்தார். 1966இல் நோபல் பரிசு பெற்றார். விதைகளை அகற்றும் எளிய அறுவை, மாதம் ஒன்றுக்கோ மூன்றுக்கோ ஆறுக்கோ ஒருமுறை போடும் ஊசி ஆகிய இரண்டும் ஒரே பணியைச் செய்கின்றன. எண் மளமளவென்று இறங்கும். வீட்டார் மனமும் குளிரும். அதனாலேயே எண் சிறிது ஏறியவுடன் ஊசி போட்டுவிடுங்கள் என்று மருத்துவரை நெருக்குவோர் உண்டு. ஆனால் ஊசியின் விலை மருந்துச் சீட்டில் உள்ளது மட்டுமன்று. திடீர் வெப்பமும் வியர்வையும் வரும், தசை தளர்ந்து கொழுப்பு கூடும், எலும்பு மெலிந்து சிறு தடுக்கலிலும் முறியும், சர்க்கரை ஏறும், மனம் சோரும். எட்டு மணிக்கெல்லாம் தளர்ந்து படுத்துவிடும் தந்தையைப் பார்த்துப் பிள்ளைகள் வயதாகிவிட்டது என்று நினைப்பர்; ஊசியின் விளைவென்று அறியமாட்டார். மெதுவாக இரட்டிக்கும் எண்ணுக்காக இவையனைத்தையும் முன்கூட்டியே சுமக்க வேண்டுமா என்று மருத்துவரே தயங்கினால், அத்தயக்கத்தில் அறிவு உண்டு.

விரைந்து இரட்டிப்போர் வேறு வகையினர். ஒன்பது மாதத்துக்குள் இரட்டிக்கும் 1,068 பேரைக் கொண்டு நடந்த எம்பார்க் ஆய்வின் முடிவு 2023இல் வெளிவந்தது. ஊசியோடு என்சாலுடமைட் மருந்தையும் சேர்த்துப் பெற்றோரில் ஐந்தாண்டு கழித்தும் பரவலின்றி இருந்தோர் நூற்றுக்கு 87. ஊசி மட்டும் பெற்றோரில் 71. எண் 0.2க்குக் கீழ் இறங்கியவர்களுக்கு ஒன்பதாவது மாத அளவில் சிகிச்சையை நிறுத்திவைத்து, மீண்டும் ஏறும்போது தொடரவும் அவ்வாய்வு இடம் தந்தது. டெஸ்டோஸ்டிரோன் முற்றும் அடங்கிய பின்னும் எண் ஏறுமாயின் நோய் ஹார்மோன் தடையை மீறிவிட்டது என்று பொருள். அபிராடெரோன், டோசிடாக்செல், பி.எஸ்.எம்.ஏ.யைத் தேடிச் சென்று அழிக்கும் லுட்டீசியம் என்று அந்நிலையிலும் படிகள் பல உள்ளன.

இச்சமூக இல்லங்களுக்கென்றே உரிய சில ஐயங்களை மருத்துவமனையில் கேட்கக் கூசுவர். ஆதலால் இங்குச் சொல்லப்படுகின்றன. இடுப்புப் பகுதிக் கதிர்வீச்சு நாட்களில் சிறுநீர்ப்பை ஒவ்வொரு நாளும் ஒரே அளவு நிரம்பியிருக்க வேண்டும். அப்போதுதான் குடலும் பையும் கதிரின் வழியிலிருந்து விலகி நிற்கும். பெட் ஸ்கேன் நாளிலும் நிறைய நீர் அருந்தச் சொல்வர். நீரும் அருந்தாத நோன்பு இவ்வாரங்களோடு ஒத்துவராது. தசலட்சண பருவ நாட்களில் சிகிச்சை விழும்போலிருந்தால், தொடங்கும் முன்னரே மருத்துவரிடம் சொல்லி நாள் குறித்துக்கொள்வது நலம்; நடுவில் நாட்களை விடுவது நலமன்று. அபிராடெரோனை உணவுக்கு இரண்டு மணி நேரம் கழித்தோ ஒரு மணி நேரம் முன்னரோ வெறும் வயிற்றில் கொள்ள வேண்டும்; அதனோடு தரப்படும் பிரெட்னிசோலோனை உணவோடு கொள்ள வேண்டும். கதிரவன் மறைந்தபின் உண்ணாதவர்கள் இரண்டையும் காலைப் பொழுதில் அமைத்துக்கொள்ளலாம். என்சாலுடமைட் போன்ற சில மருந்துகளின் மென்கூடு விலங்கின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் பெறும் ஜெலட்டினால் ஆனது. அதே மருந்து மாத்திரை வடிவிலும் உண்டு. எலும்பு வலிமைக்குத் தரும் வைட்டமின் டி3 பெரும்பாலும் ஆட்டு உரோமக் கொழுப்பிலிருந்து எடுக்கப்படுவது. தாவர மூலத்திலிருந்து பெற்றதும் விற்கிறது. கேட்டால் மாற்றித் தருவர். கேளாமல் வாங்கிவந்து, உறையைப் படித்தபின் உண்ணாமல் ஒதுக்கிவைத்து, மருத்துவரிடமும் சொல்லாதிருப்பதுதான் இடர். எண் ஏன் ஏறுகிறது என்று அவர் காரணம் தேடிக்கொண்டிருப்பார். காரணம் அலமாரியில் இருக்கும்.

மூலிகையால் எண் இறங்கிற்று என்று சொல்வோரும் வருவர். அமெரிக்காவில் 1990களின் பிற்பாதியில் பி.சி.-ஸ்பெஸ் என்ற எட்டு மூலிகைக் கலவை பெரும் புகழ் பெற்றது. உண்டவர்களுக்குப் பி.எஸ்.ஏ. உண்மையிலேயே இறங்கியது. 2002இல் கலிபோர்னியா சுகாதாரத் துறையும் பிறரும் ஆராய்ந்தபோது அதனுள் இரத்தம் உறைதலைத் தடுக்கும் வார்ஃபரின் இருந்தது. வேறு ஆய்வுகளில் செயற்கைப் பெண் ஹார்மோனும் வலிமருந்தும் இருந்தன. விற்பனை நிறுத்தப்பட்டது. இறங்கிய எண் பொய்யன்று. இறக்கியது எது என்பதே மறைக்கப்பட்டிருந்தது. வீட்டில் எந்தச் சூரணம் உட்கொண்டாலும் அதன் பெயரை மருத்துவர் அறிய வேண்டும்.

இனி, எண்ணை யார் யாரிடம் சொல்வது? தாள் வந்ததும் தந்தைக்குத் தெரியாமல் மருத்துவரிடம் தனியே பேசும் மக்கள் உண்டு. மக்களுக்குத் தெரியாமல் தாளை மறைக்கும் தந்தையரும் உண்டு. பேத்தி திருமணம் முடியட்டும், அறுவடை முடியட்டும் என்பர். இரண்டும் அன்பினாலேயே. ஆனால் மீட்புக் கதிர்வீச்சின் காலம் மாதக் கணக்கில் அளக்கப்படுவது. மணநாள் பார்த்து முடிந்து, மறுவீடும் முடிந்து வரும்போது 0.3 சிலருக்கு 0.9 ஆகியிருக்கும். மேலும், மறைப்பதால் மக்களுக்கும் ஒரு செய்தி மறைக்கப்படுகிறது. தந்தைக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்நோய் இருந்தால் ஓர் ஆடவருக்கு அது வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு. 45 வயதைக் கடந்த மகன் தன் சோதனையைப் பற்றி எண்ணத் தந்தையின் தாள் அவர் கண்ணில் பட்டாக வேண்டும். மனைவிமார் பலர் எல்லாவற்றையும் அறிந்தே இருக்கின்றனர். இரவில் எத்தனை முறை எழுகிறார் என்பதை எண்ணியிருப்பவர் அவர்தாம். மருத்துவரின் அறையில் அவரும் அமர்ந்திருந்தால் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

எஞ்சியிருப்பது மிக முதியோர் நிலை. 84 வயது, இதயத்தில் ஏற்கெனவே குறை, பி.எஸ்.ஏ. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிக்கிறது. வலி இல்லை, சிறுநீர் தடையின்றிப் போகிறது. இவருக்கு ஸ்கேனும் வேண்டாம், ஊசியும் வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரத்தம் மட்டும் பார்ப்போம் என்று மருத்துவர் சொல்வாராயின், அவர் கைவிட்டுவிட்டார் என்று வேறு மருத்துவரைத் தேடி அலைய வேண்டுவதில்லை. கணக்கைப் போட்டுப் பார்த்தே அவர் அவ்வாறு சொல்கிறார். அதே 84 வயதில் முதுகெலும்பில் புதிதாக வலி வந்தாலோ, கால்கள் திடீரெனத் தளர்ந்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ அந்த ஆறு மாதம் காத்திராமல் அன்றே அழைத்துச் செல்ல வேண்டும். அதுவரை, நாட்காட்டியில் அடுத்த சோதனை நாளை வட்டமிட்டு வைத்தாற் போதும்.